ஒரு தகவலுக்கு ஒரு பொறுப்பாளர்: பொதுத் தரவுச் சேவைகளும் நிறுவன ஒருங்கிணைப்பும்

1. கேள்வி

பெரிய நிறுவனம் எதுவும் ஒரே மென்பொருளில் இயங்குவதில்லை. வங்கியில் சேமிப்புக் கணக்குக்கு ஒன்று, வீட்டுக் கடனுக்கு இன்னொன்று, கிரெடிட் கார்டுக்கு வேறொன்று. மருத்துவமனையில் வெளிநோயாளர் பதிவு, ஆய்வுக்கூடம், மருந்தகம், கட்டணப் பிரிவு எல்லாவற்றுக்கும் தனித்தனி மென்பொருள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு தேவைக்காக வாங்கப்பட்டது. ஆனால் அத்தனையிலும் பதிவாகியிருப்பவர் ஒரே ஆள். அதே பெயர், அதே பிறந்த தேதி, அதே முகவரி. அவர் வீடு மாறும்போது ஒரு பிரிவில் முகவரி திருத்தப்படுகிறது. மற்றப் பிரிவுகளில் பழையதே நிற்கிறது. எது சரி என்று கேட்டால் பதில் சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை. இப்படிப் பிரிந்து கிடக்கும் தரவுத்தளங்களை ஒன்றோடொன்று இணைத்து, அவை ஒரே உண்மையைச் சொல்லும்படி செய்யும் வேலையே தரவு ஒருங்கிணைப்பு. தகவல் தொழில்நுட்பத் துறைகளின் நேரத்தையும் பணத்தையும் தொடர்ந்து விழுங்கும் வேலைகளில் இதுவும் ஒன்று.

இதற்குத் தீர்வாக முன்வைக்கப்படுவது பொதுத் தரவுச் சேவை. பல பிரிவுகளுக்கும் தேவைப்படும் ஒரு தகவலை ஓரிடத்தில் பராமரித்து, வரையறுக்கப்பட்ட ஓர் இடைமுகத்தின் வழியே எல்லோருக்கும் வழங்குவது இதன் அடிப்படை. மற்றவர்கள் அந்தத் தரவுத்தளத்துக்குள் நேரடியாக நுழைவதில்லை, கேட்டுப் பெறுகிறார்கள். இது ஒருங்கிணைப்பை உண்மையிலேயே எளிமையாக்குகிறதா, ஆக்குகிறதென்றால் எதனால் என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. இணைப்புகளின் எண்ணிக்கை குறைவதால் எளிமை வருகிறது என்பது வழக்கமான விடை. இந்த விடை போதாது என்பது என் வாதம். ஒவ்வொரு தகவலுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவர் தீர்மானிக்கப்படுவதால்தான் எளிமை வருகிறது. அந்தத் தீர்மானம் இல்லாத இடத்தில் பொதுச் சேவையும் இருக்கிற சிக்கலோடு சேரும் இன்னோர் அடுக்காகவே முடியும். இதற்குச் சான்றாக இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் அனுபவத்தை விரிவாகவும், எஸ்டோனிய அரசின் ஏற்பாட்டைச் சுருக்கமாகவும் எடுத்துக்கொள்கிறேன்.

2. இதுவரையான விளக்கங்கள்

ஒருங்கிணைப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு கணக்கிலிருந்து தொடங்குவார்கள். பத்து மென்பொருள்களை ஒவ்வொன்றோடும் நேரடியாக இணைக்க 45 இணைப்புகள் வேண்டும்; ஐம்பது என்றால் 1,225. நடுவில் ஒரு மையத்தை வைத்துவிட்டால் ஐம்பதுக்கு ஐம்பது இணைப்புகளே போதும். கணக்கு சரிதான், அது காட்டும் சித்திரம் முழுமையானதல்ல. எந்த நிறுவனத்திலும் எல்லா மென்பொருளும் எல்லாவற்றோடும் பேச வேண்டிய தேவை இருப்பதில்லை என்பது ஒருபுறம். மையத்தை வைப்பதால் இணைப்புகள் குறையுமே தவிர, ஒரு பிரிவின் பதிவை இன்னொரு பிரிவு எப்படிப் பொருள்கொள்ள வேண்டும் என்ற சிக்கல் குறையாது என்பது இன்னொரு புறம். முன்பு ஓரங்களில் சிதறிக் கிடந்த மொழிபெயர்ப்பு வேலை இப்போது மையத்தில் குவிகிறது, அவ்வளவே.

கடந்த நாற்பது ஆண்டுகளில் வந்த தீர்வுகளை இந்தக் கோணத்தில் வரிசைப்படுத்தலாம். பில் இன்மன் 1992இல் வெளியிட்ட நூலால் பரவலான தரவுக் கிடங்கு என்ற கருத்து, எல்லாப் பிரிவுகளின் தரவையும் நகலெடுத்து ஓரிடத்தில் சேர்த்துப் பகுப்பாய்வுக்குத் தருகிறது. அறிக்கை எழுத இது நல்ல வழி. ஆனால் கிடங்கில் கண்டுபிடிக்கப்படும் பிழையைத் திருத்த வேண்டிய இடம் கிடங்கு அல்ல, தகவல் பிறந்த பிரிவு. 2000களின் தொடக்கத்தில் செல்வாக்குப் பெற்ற நிறுவனச் செய்திப் பாதை, செய்திகளை வாங்கி, உருமாற்றி, உரியவரிடம் சேர்க்கும் நடுநிலைக் கருவியாக வந்தது. நாளடைவில் எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லாத விதிகள் அந்தப் பாதைக்குள் குடியேறின. அவற்றை மாற்ற எல்லோரும் ஒரே குழுவின் வாசலில் காத்திருக்க நேர்ந்தது. இத்தகைய மையப்படுத்தலுக்கு எதிர்வினையாக 2019இல் ஷமாக் தெகானி முன்வைத்த தரவு வலை என்ற அணுகுமுறை, தரவு பிறக்கும் துறையே அதை ஒரு தயாரிப்பாகக் கருதிப் பேணி மற்றவர்களுக்கு வழங்க வேண்டும் என்றது. கவனம் குழாய்களிலிருந்து உரிமையாளரை நோக்கி நகர்ந்தது இங்கேதான்.

இந்த நகர்வின் வேர் இன்னும் பழையது. ஒரு மென்பொருளை எந்த அடிப்படையில் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும் என்ற கேள்விக்கு டேவிட் பார்னாஸ் 1972இல் எழுதிய கட்டுரை தந்த விடை இது: மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் மறைத்து வை, வெளியே தெரிவது உறுதியான இடைமுகமாக மட்டும் இருக்கட்டும். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1968இல், மெல்வின் கான்வே இன்னோர் உண்மையைச் சுட்டினார்: ஓர் அமைப்பு உருவாக்கும் வடிவமைப்பு, அந்த அமைப்புக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் சாயலையே கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தரவு ஒருங்கிணைப்பு நிறுவனத்தின் அதிகாரப் பகிர்வோடு பிணைந்த ஒன்று என்பது விளங்கும். யார் எதற்குப் பொறுப்பு என்பதில் குழப்பமுள்ள நிறுவனத்தின் குழப்பத்தை, அது வாங்கும் இணைப்புக் கருவி தன் வடிவத்திலேயே சுமக்கும்.

3. வழி சரியாக இருந்தும் பொருள் தவறிய இடம்

இணைப்பு ஒழுங்காக வேலை செய்வதும் ஒருங்கிணைப்பு நிகழ்வதும் ஒன்றல்ல என்பதற்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட சான்று நாசாவின் செவ்வாய்க் காலநிலைச் சுற்றுக்கலம். 1998 டிசம்பரில் ஏவப்பட்ட இக்கலம், 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கியபோது திட்டமிட்டதைவிடத் தாழ்வான பாதையில் சென்று தொலைந்தது. கலத்தின் சிறு உந்திகள் இயங்கும்போது ஏற்படும் விசையின் தாக்கத்தைத் தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று கோப்பாக எழுதி, பாதையைக் கணிக்கும் குழுவுக்கு அனுப்பிவந்தது. இடைமுக ஆவணம் நியூட்டன்–வினாடி என்ற மெட்ரிக் அலகைக் கேட்டது; கோப்பில் வந்ததோ பவுண்டு–வினாடி அலகு. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 4.45 மடங்கு. கோப்பு வந்து சேர்ந்தது; எண்கள் எண்களாகவே படிக்கப்பட்டன; பாதை மட்டும் தவறியது.

இதில் கவனிக்க வேண்டியது, எழுத்துபூர்வமான ஒப்பந்தம் ஏற்கெனவே இருந்தது என்பதே. அந்த மென்பொருளின் சரிபார்ப்பு போதுமானதாக இல்லை. குழுக்களுக்கு இடையே தகவல் தொடர்பு குறைவாக இருந்தது. பாதைக் கணிப்பில் தெரிந்த முரண்பாடுகள் முறைப்படி எழுப்பப்பட்டு முடிவுவரை பின்தொடரப்படவில்லை என்று விசாரணைக் குழு குறிப்பிட்டது. நான் தரும் எண்ணின் பொருளுக்கு நானே பொறுப்பு என்று நின்று, பெறுபவரோடு அதை உறுதிசெய்யும் கடமை யாருக்கும் நடைமுறையில் இல்லை. பொதுத் தரவுச் சேவையை மதிப்பிட இந்த நிகழ்வு ஓர் அளவுகோலைத் தருகிறது. தரவு போய்ச் சேர்ந்ததா என்பதோடு, அதன் பொருளுக்கு யார் பொறுப்பு என்பதையும் கேட்க வேண்டும்.

4. இங்கிலாந்து: கைவிடப்பட்டதும் நிலைத்ததும்

2002இல் இங்கிலாந்து அரசு என்.எச்.எஸ்.ஸுக்காகத் தேசியத் தகவல் தொழில்நுட்பத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நாடு ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, மண்டலத்துக்கு ஒரு பெருநிறுவனத்திடம் ஒப்பந்தம் தரப்பட்டது. மண்டலம் முழுவதிலும் உள்ள மருத்துவமனைகளில் பொதுவான நோயாளர் பதிவு மென்பொருளை நிறுவி, ஒவ்வொரு நோயாளிக்கும் முழுமையான மின்பதிவை உருவாக்குவது இலக்கு. இரண்டு மண்டலங்களை ஏற்றிருந்த அக்சென்ச்சர் 2006இல் விலகியது. தெற்கு மண்டலத்தின் ஃபுஜிட்ஸு ஒப்பந்தம் 2008இல் முறிந்தது. 2011 மே மாதம் தேசியத் தணிக்கை அலுவலகம், அதுவரை நோயாளர் பதிவு மென்பொருள்களுக்குச் செலவான 270 கோடி பவுண்டு பணத்துக்கேற்ற பயனைத் தரவில்லை என்று முடிவுரைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திட்டத்தைக் கலைக்கப்போவதாக அரசு அறிவித்தது.

ஆனால் அத்திட்டத்தின் எல்லாமே மறையவில்லை. ஸ்பைன் என்ற பெயரில் தேசிய அளவில் அமைக்கப்பட்ட பொதுச் சேவைகள் தொடர்ந்தன. 2014இல் அவற்றின் அடித்தளம் திறமூல மென்பொருளைக் கொண்டு மறுபடி கட்டப்பட்டபோதும் சேவைகளின் பணி மாறவில்லை. அவற்றுள் மையமானது பெர்சனல் டெமோகிராஃபிக்ஸ் சர்வீஸ் என்னும் நோயாளர் அடையாள விவரச் சேவை. பெயர், பிறந்த தேதி, முகவரி, பதிவுசெய்துகொண்ட குடும்ப மருத்துவர், பத்து இலக்க என்.எச்.எஸ். எண் போன்றவையே அதில் உண்டு; நோய் விவரமோ சிகிச்சைக் குறிப்போ கிடையாது. மருத்துவரின் மருந்துச்சீட்டை மின்வழியில் மருந்தகத்துக்குச் சேர்க்கும் சேவையும், மருந்துகளையும் ஒவ்வாமைகளையும் சுருக்கமாகக் காட்டும் பதிவும், இன்னாருக்கு இன்ன எண் என்ற இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன.

இந்தச் சேவை இயங்கும் விதத்தைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. மருத்துவமனை வரவேற்பில் ஒருவர் தம் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்கிறார். மென்பொருள் அவற்றைக் கொண்டு தேசியச் சேவையில் தேடி, பொருந்தும் பதிவைப் பெறுகிறது. எண்ணின் பத்தாவது இலக்கம் முதல் ஒன்பதிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். எண்ணைத் தட்டச்சு செய்யும்போது ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அங்கேயே பிடிபடும். முகவரி மாறியிருந்தால் ஊழியர் திருத்துகிறார். அவர் பார்த்த பதிவுக்கு ஒரு பதிப்பெண் உண்டு; திருத்தத்தோடு அந்தப் பதிப்பெண்ணும் போகிறது. இடையில் வேறோர் இடத்தில் அதே பதிவை யாரேனும் மாற்றியிருந்தால் பதிப்பெண் பொருந்தாது, திருத்தம் மறுக்கப்படும், புதிய பதிவைப் பார்த்த பிறகே மறுபடி திருத்த முடியும். ஒருவருக்கே இரண்டு எண்கள் இருப்பது, இருவரின் விவரங்கள் ஒரே எண்ணில் கலந்துவிடுவது போன்ற சிக்கல்களைத் தீர்க்க தேசியப் பின்னலுவலகம் ஒன்று இருக்கிறது. அங்கே மனிதர்கள் ஆராய்ந்து முடிவெடுக்கிறார்கள். எண்கள் இணைக்கப்பட்டால், பழைய எண்ணைக் கேட்பவருக்குப் புதிய எண் தெரிவிக்கப்படுகிறது.

இந்த விவரங்களில் என் வாதத்துக்கான சான்று இருக்கிறது. பதிப்பெண் என்பது எது மூலம், எது நகல் என்ற கேள்விக்கு இயந்திரம் தரும் பதில். பின்னலுவலகம் என்பது பிழை நேர்ந்தால் யாரிடம் போவது என்ற கேள்விக்கு நிறுவனம் தரும் பதில். ஒவ்வொரு மருத்துவமனையும் தன்னிடம் நகல் வைத்திருக்கலாம். ஆனால் அது நகல் என்பதில் சந்தேகமில்லை. கலைக்கப்பட்ட பகுதியில் இந்தத் தெளிவு எட்டப்படவே இல்லை. வார்டிலும் அறுவை அரங்கிலும் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும் வேலை முறைகளை, தொலைவில் கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்தின் வழியே ஒரே மென்பொருளுக்குள் அடக்க முயன்றார்கள். அந்தப் பதிவின் பொருளுக்குப் பொறுப்பாக இருக்க வேண்டிய மருத்துவர்களிடமிருந்து முடிவு வெகுதூரம் விலகிப்போயிற்று.

இந்த ஒப்பீடு ஆய்வகச் சோதனை அல்ல. மென்பொருள் தயாராகாதது, ஒப்பந்த முறை, அரசியல் அவசரம் என்று தோல்விக்குக் காரணங்கள் பல. அடையாள விவரம் சிறியது, எளியது; அதனால்தான் பிழைத்தது என்றும் ஒருவர் சொல்லலாம். அது உண்மையே. ஆனால் அந்தச் சிறுமை தற்செயலாக வாய்த்ததல்ல. எந்தத் தகவலின் பொருளில் எல்லோருக்கும் உடன்பாடு இருக்கிறதோ அதை மட்டும் பொதுவாக்குவது வடிவமைப்பாளர் எடுக்கும் முடிவு. பிறந்த தேதி எல்லா மருத்துவமனைக்கும் ஒன்றே. வார்டில் எழுதப்படும் குறிப்பு அப்படியல்ல. எங்கே கோடு கிழிப்பது என்பதில்தான் பொதுச் சேவையின் வெற்றி தங்கியிருக்கிறது.

5. எஸ்டோனியா: மையம் இல்லாத பொதுமை

பொதுச் சேவை என்றாலே ஒரு மாபெரும் தரவுத்தளம் என்ற எண்ணத்தை எஸ்டோனியா மறுக்கிறது. சுமார் 13 லட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் 2001 முதல் இயங்கும் எக்ஸ்–ரோடு, தரவை எங்கும் குவிப்பதில்லை. மக்கள்தொகைப் பதிவேடு, வரித்துறை, காவல்துறை போன்ற அமைப்புகள் தத்தம் தரவைத் தாமே வைத்திருக்கின்றன. ஒவ்வோர் அமைப்பின் வாசலிலும் ஒரு பாதுகாப்பு சர்வர் உண்டு. ஓர் அமைப்பு இன்னோர் அமைப்பிடம் கேட்கும் கேள்வியும் அதற்கு வரும் பதிலும் மின்கையொப்பமும் நேர முத்திரையும் பெற்று, நேரடியாக இணையத்தின் வழியே செல்கின்றன. நடுவில் இருப்பது உறுப்பினர்களின் பட்டியலும் நம்பிக்கைக்கான அமைப்பு விவரங்களும்தான். தன் சேவையை யார் அழைக்கலாம் என்பதைத் தரவை வைத்திருப்பவரே தீர்மானிக்கிறார்.

இந்த ஏற்பாட்டுக்கு உயிர் தருவது சட்டம். ஒரே தரவைத் திரட்டத் தனித்தனித் தரவுத்தளங்கள் அமைப்பதை அந்நாட்டுப் பொதுத் தகவல் சட்டம் தடைசெய்கிறது. ஓர் அமைச்சகம் முகவரிகளைத் தானே திரட்டத் தொடங்கினால் அது சட்டமீறல். பதிவேட்டிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டே ஆக வேண்டிய நிலையில் பதிவேட்டின் தரம் எல்லோருடைய அக்கறையாகிறது. தரக்குறைவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எஸ்டோனியாவும் பின்லாந்தும் 2017இல் கூட்டாக ஒரு நிறுவனம் அமைத்து இந்தத் தொழில்நுட்பத்தை வளர்க்கின்றன. 2018இல் இரு நாடுகளின் தரவுப் பரிமாற்ற அடுக்குகளும் இணைக்கப்பட்டன. இங்கிலாந்தின் சேவை தரவை ஓரிடத்தில் வைக்கிறது. எஸ்டோனியா பல இடங்களில் வைக்கிறது. கட்டமைப்பு நேரெதிர். இரண்டுக்கும் பொதுவானது, ஒரு தகவலுக்கு ஒரு மூலமும் அந்த மூலத்துக்கு ஒரு பொறுப்பாளரும் இருப்பதே.

6. எழக்கூடிய ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம், எல்லோரும் ஒரே சேவையை நம்பினால் அது நின்றதும் எல்லாம் நிற்கும் என்பது. ஒருங்கிணைந்த அமைப்பில் இந்த ஆபத்து உண்மையானது. ஆனால் ஒற்றை மூலம் என்பது ஒற்றை நகல் ஆகாது. உள்ளூர் நகலை வைத்து வேலையைத் தொடர்ந்து, இணைப்பு மீண்டதும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யலாம். அதற்குத் தேவை, எது நகல், அது எப்போது எடுக்கப்பட்டது என்ற தெளிவு மட்டுமே. பொறுப்பாளர் இல்லாத பழைய நிலையில் எல்லாமே நகல். இணைப்பு மீண்டாலும் எதோடு ஒப்பிடுவது என்று தெரியாது.

இரண்டாவது, பொதுச் சேவை மாற்றத்தைத் தாமதப்படுத்தும் என்பது. ஐம்பது பிரிவுகள் நம்பியிருக்கும் இடைமுகத்தில் ஒரு புலத்தைச் சேர்ப்பதும் நீக்குவதும் எளிதல்ல. செய்திப் பாதைகள் நெரிசலான வாசலாக மாறியதைப் பார்த்தவர்களுக்கு இந்த அச்சம் நியாயமானது. இதற்கு முழுமையான மறுப்பு இல்லை, எல்லைப்படுத்தல்தான் உண்டு. இடைமுகத்தின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் சில காலம் சேர்ந்து இயங்கலாம். அதைவிட முக்கியம், எல்லாவற்றையும் பொதுவாக்கும் ஆசையைக் கைவிடுவது. எடுத்துக்காட்டாக, வாங்கக்கூடியவரையும் விற்பனைப் பிரிவு வாடிக்கையாளர் என்கிறது. பணம் செலுத்துபவரையே கணக்குப் பிரிவு அப்படி அழைக்கிறது. இரண்டையும் ஒரே பதிவுக்குள் திணித்தால் இரு பிரிவுக்கும் பயன்படாத ஒன்று மிஞ்சும். உண்மையான கருத்து வேறுபாடு இருக்கும் இடத்தில் இரண்டு பதிவுகளை வைத்து, அவற்றுக்கு இடையிலான உறவை மட்டும் பொதுவாக்குவதே நேர்மையான வழி.

மூன்றாவது, செலவு. பொதுச் சேவையைப் பராமரிக்கும் பிரிவு செலவை ஏற்கிறது. பயன் மற்றப் பிரிவுகளுக்குப் போகிறது. ஒவ்வொரு பிரிவும் தன் வரவுசெலவுத் திட்டத்தை மட்டும் பார்த்தால், தரமான பொதுச் சேவையை யாரும் உருவாக்க மாட்டார்கள். அதனால் இதற்கான நிதி நிறுவனத்தின் மையத்திலிருந்தோ, பயன்படுத்துவோரின் பங்களிப்பிலிருந்தோ நிலையாக வர வேண்டும். திட்டம் முடிந்ததும் குழுவைக் கலைத்துவிடும் வழக்கம் இங்கே பொருந்தாது; பொறுப்பாளர் என்பவர் தொடர்ந்து இருப்பவர்.

நான்காவது ஆட்சேபமே மிகக் கனமானது: தரவைப் பகிர்வதற்கு எளிதாக்கினால் கண்காணிப்பதற்கும் எளிதாகும். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களிடம் உள்ள பதிவுகளைத் திரட்டி மையத்தில் சேர்க்க முனைந்த கேர்.டேட்டா திட்டம் மக்களுக்குச் சரியாக விளக்கப்படவில்லை என்ற எதிர்ப்பால் 2014 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டு, 2016 ஜூலையில் மூடப்பட்டது. அதைவிடக் கூர்மையான எச்சரிக்கை முகவரித் தரவிலிருந்தே வந்தது. குடியேற்ற விதிகளை மீறியதாகக் கருதப்பட்டவர்களைத் தேடுவதற்காக, மருத்துவம் சாராத நோயாளர் விவரங்களை உள்துறை அமைச்சகத்துக்குத் தர 2017இல் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. முகவரி காட்டிக்கொடுக்கும் என்று அஞ்சுபவர் மருத்துவமனைக்கே வரமாட்டார் என்ற எதிர்ப்பு வலுத்து, 2018 மே மாதம் அந்த ஏற்பாடு பெருமளவு நிறுத்தப்பட்டது. அடையாள விவரம் சிறியது, எளியது என்று மேலே சொன்னேன். அது தீங்கற்றது என்று பொருள் அல்ல.

இந்த ஆட்சேபத்தைத் தொழில்நுட்பத்தால் மட்டும் தீர்க்க முடியாது. ஆனால் பொறுப்பாளர் யார் என்று தெரியும் ஏற்பாட்டில் கட்டுப்பாடு விதிக்க ஓர் இடமாவது இருக்கிறது. ஆபத்தில் இருப்பவர்களின் இருப்பிட விவரத்தை மறைக்கும் குறியீடு இங்கிலாந்தின் சேவையில் உண்டு. தம் தரவை எந்த அமைப்பு எப்போது பார்த்தது என்பதைக் குடிமக்களே பார்க்கும் வசதி எஸ்டோனியாவில் உண்டு. ஐம்பது இடங்களில் சிதறிய நகல்களுக்கு இத்தகைய பாதுகாப்பைத் தர வழியே இல்லை. எந்த நோக்கத்துக்காகத் தரவு தரப்பட்டதோ அதைத் தாண்டிப் பயன்படுத்துவதை ஒப்பந்தங்களின் விருப்பத்துக்கு விடாமல், சட்டத்தால் தடுக்க வேண்டும். அந்தத் தடை இல்லாத நாட்டில், நன்கு வடிவமைக்கப்பட்ட பொதுச் சேவை மோசமாக வடிவமைக்கப்பட்டதைவிட ஆபத்தானதாகக்கூட ஆகலாம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

7. முடிவு

பொதுத் தரவுச் சேவை சிக்கலை அழிப்பதில்லை. பொறுப்பேற்று நிர்வகிக்கக்கூடிய ஓர் இடத்துக்கு அதைக் கொண்டுசேர்க்கிறது. என்.எச்.எஸ்.ஸில் நிலைத்ததும் கலைந்ததும், ஒன்றுக்கொன்று எதிரான கட்டமைப்புகள் இருவேறு நாடுகளில் பலன் தந்ததும் இதையே காட்டுகின்றன. ஆகவே இணைப்புக் கருவி வாங்கும் முன் நிறுவனம் சில கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்வது நல்லது. இந்தத் தகவல் எங்கே பிறக்கிறது? அது தவறென்றால் திருத்தும் அதிகாரம் யாருக்கு? எல்லாப் பிரிவுக்கும் அதன் பொருள் ஒன்றேதானா? பராமரிப்புச் செலவை ஆண்டுதோறும் யார் ஏற்பது? யார் கேட்டாலும் தரக்கூடாத சூழல் எது, அதை யார் மறுப்பது? விடை கிடைக்கும் தகவல்களைப் பொதுவாக்கலாம். கிடைக்காதவற்றை, விடை கிடைக்கும்வரை, அந்தந்தப் பிரிவிலேயே விட்டுவைப்பது மேல். தொழில்நுட்பத் தேர்வு இதற்கெல்லாம் பிறகு வருவது. இந்த வரிசையை மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து செலவழித்த 270 கோடி பவுண்டு போதுமான சான்று.